நிற்காத பஸ்ஸுக்கு ஓர் ஆண்பிள்ளை

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்று, எங்கள் வீட்டு மேல்கூரையிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீரைச் சாட்சியாக வைத்து உறுதி கூறுகிறேன். அப்படியும் யாராவது நம்பித் தொலைத்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

கதாநாயகன் ஏகாம்பரம், அதாவது நான். ஒரு காலத்தில் கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் பல்பு கட்டியவன். நான் சுவிட்சைப் போட்டால் நிலா வெட்கப்பட்டு மேகத்துக்குள் போய்விடும். இப்போது ஓய்வு. என் அக்கா மகள் நிரோஷாவோடு இருக்கிறேன். அக்கா போனபிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். ஆற்றங்கரையில் ஊருக்கு நடுவே இருந்த எங்களை லாரியில் ஏற்றி, நகரத்தின் விளிம்புக்கும் அந்தப் பக்கம், சூரியனே ஷேர் ஆட்டோ பிடித்து வரவேண்டிய இந்தப் பூஞ்சோலை நகர் குடியிருப்பில் இறக்கிவிட்டார்கள். இறக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் என்றார்கள். எந்த லோகத்து ஐந்து நிமிடம் என்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நிரோஷாவுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்தால் நிரந்தரம். ஆனால் அங்கே ஒரு சட்டம். பயிற்சியில் மூன்றாவது தடவை லேட்டாக வந்தாலோ, ஒரே ஒரு நாள் லீவு போட்டாலோ, நன்றி வணக்கம்.

இத்தனை நாளும் அவளை என் டிவிஎஸ் வண்டியில் ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டவன் நான்தான். அந்த வண்டி போன வாரம் துறவறம் பூண்டுவிட்டது. காரணம் ரேஷன் கடைச் சுவர். அது திடீரென்று சாலையைக் கடக்கப் பார்த்தது. கைகூடக் காட்டவில்லை.

ஆக, பஸ். போன வாரம் ஒருநாள் பஸ் நிற்காமல் போய் ஒரு லேட். இன்றைக்கு மறுபடி நிற்கவில்லை. ஏரிக்கரை வழியாக மெயின் ரோட்டுக்கு ஓடி, சேறும் செருப்புமாகப் போய்ச் சேர்ந்தாளாம். இரண்டாவது லேட். இனி கையில் மிச்சம் எதுவும் இல்லை.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்காதீர்கள். பெரிய மனிதர்கள் பெரிதாகத்தான் எழுதுவார்கள். பக்கத்துக்கு நாலு வரி பிடிக்கிறது. நோட்டுக் கம்பெனி பிழைக்கட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று நான் பதவி ஏற்றேன்.

விஷயம் இதுதான். காலையில் எங்கள் ஸ்டாப்பில் நிற்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆபீஸும் ரோடும் கூட்டுகிறவர்கள், நிரோஷா. மூஞ்சியில் பிங்க் பூசிய அந்த பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. "இலவசம்னு போட்டாங்க, அன்னையிலேர்ந்து இவன் கண்ணுக்கு நாம தெரியறதில்ல" என்றாள் சகாயமேரி. எதிர் பிளாக்காரி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், ஸ்டாப்புக்குத் தலைவி. "ஆம்பள ஒர்த்தன் நின்னா பிரேக்கு தானா புடிக்குது. நான் பாத்துட்டேன். யண்ணே, நீ சும்மாதான குந்தினுக்கீற? வந்து நில்லு."

நின்றேன். சட்டையை உள்ளே விட்டு, பவுடர் போட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பதுபோல் நின்றேன். தூரத்தில் ஒரு பிங்க் மேகம் தோன்றியது. என் கம்பீரத்தைப் பார்த்து பஸ் சாலையோடு சாலையாகக் குனிந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். நானும் டிக்கெட் வாங்கி, அடுத்த ஸ்டாப் என்ற அயல்நாட்டுக்குச் சென்று, அங்கிருந்து நடந்து திரும்பினேன். வழியில் சில சந்துகளைப் பார்வையிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு வந்தேன். நான் தொலைந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது வதந்தி.

பஸ்காரர்கள் நம்பரை வர வரச் சின்னதாக எழுதுகிறார்கள். பெயிண்ட்டை மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

டிரைவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கும் ஆண்பிள்ளையால் அவனுக்கு என்ன லாபம்? மெதுவாக்கினான், எட்டிப் பார்த்தான், "பெருசு மட்டுந்தானா" என்று போய்விட்டான்.

தண்ணி லாரி ஒன்று திருப்பத்தில் குறுக்கே நின்றது. நிரோஷாவும் மற்றவர்களும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். நான் காதால் எண்ணினேன், எத்தனை கொலுசு ஏறியது என்று. நிரோஷா கொலுசு போடுவதில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவள் ஏறினாளா இல்லையா என்று சாயந்திரம்வரை தெரியவில்லை.

ஏறியிருக்கிறாள்.

நவம்பர் 10, திங்கள்

ஸ்டாப்பில் ஒரு புதிய கனவான்.

முழுக்கைச் சட்டை, பேன்ட், தலையில் தொப்பி. கம்பத்தில் சாய்ந்து நின்றார். நான் மரியாதையாக "வணக்கம் சார், எந்த பிளாக்?" என்றேன். பதில் இல்லை. "வண்டி வர நேரந்தான்" என்றேன். ம்ஹூம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனிதனுக்கு மனிதன் ஒரு வார்த்தை பேசினால் வாயில் உள்ள முத்து உதிர்ந்துவிடுமா என்று ஆரம்பித்து, பண்பாடு பற்றி ஒரு சிறு உரை ஆற்றினேன். உலகத்தின் சிறந்த பத்து உரைகளில் அது சேரும். பெண்கள் பக்கம் ஒரே இருமல். பொற்கிளி என்ற பெண், ஆபீஸ் கூட்டுகிறவள், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் நின்றது. பெண்கள் ஏறினார்கள். கனவான் ஏறவில்லை. அவ்வளவு அகங்காரம்.

சாயந்திரம் நிரோஷா சாப்பாடு போட்டபடி கேட்டாள். "மாமா, காலையில யார்கிட்ட பேசிட்டிருந்த?"

"ஏன், அந்தத் தொப்பிக்காரன்கிட்ட."

"அது திருஷ்டி பொம்ம மாமா. கட்டடம் கட்ற எடத்துலேர்ந்து மேரியக்கா தூக்கினு வந்தாங்க. டிரைவரை ஏமாத்த."

"எனக்குத் தெரியாதா? பொம்மை என்று டிரைவர் சந்தேகப்படக் கூடாதென்றுதான் பேசினேன். அதுக்குப் பேர் தொழில்நுட்பம்."

அவள் சிரிக்கவில்லை. ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். தட்டுகளைக்கூட இப்போது சின்னதாகத்தான் செய்கிறார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

சகாயமேரி இன்று பஸ்ஸில் ஏறாமல் என்னோடு நின்றுவிட்டாள். முதல் வீட்டுக்காரம்மா இன்று ஊரில் இல்லையாம்.

"யண்ணே, என்னப் பாத்துச் சொல்லு. கண்ணு எப்பிடிக் கீது?"

"கழுகு மாதிரி இருக்கு."

"நான் இன்னா கலர் பொடவ?"

"வயசுக்குப் பொருத்தமான கலர்."

"நைட்டி போட்டுங்கீறேன்ணே." என் பக்கம் நகர்ந்து நின்றாள். "ரேஷன் கட செவுத்துல நீ மோதுனப்பவே நெனச்சேன். பொண்ணுகிட்ட சொல்லு. ஆஸ்பத்திரி வேலக்கிப் போற பொண்ணு, கூட்டினு போயி காட்டுவா."

"அதுக்காகத்தான் சொல்லவில்லை" என்றேன். லீவு போடுவாள். அவள் குணம் எனக்குத் தெரியும். ஒருநாள் லீவு போட்டால் இந்த ஒரு வருஷம் முழுக்கத் தண்ணீரில் போகும்.

மன்னர்கள் மந்திரிக்கு ஆணையிடும் குரலில், மாதம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவிட்டேன். என் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக அவள் சொல்லக்கூடும். குளிர்.

"சரிண்ணே" என்றாள். "ஆனா ரோட்டுல எறங்காத. பொம்ம பக்கத்துலயே நில்லு."

நவம்பர் 13, வியாழன்

நேற்றிரவு பெய்த மழையில் திமிங்கலங்கள் எங்கள் மாடிப்படி வரை வந்து விசாரித்துவிட்டுப் போயின. காலையில் பொம்மையின் வயிறு கிழிந்து வைக்கோல் சாலையில் கிடந்ததாம். தலை வாய்க்காலில்.

பஸ் நின்றது. நின்றது பெண்களுக்காக அல்ல. டிரைவர் தணிகாசலம் இறங்கி வந்தான். பேர் அன்றுதான் தெரிந்தது, கண்டக்டர் பின்னாலிருந்து "தணிகா, வுடுப்பா, லேட்டாவுது" என்று கத்தியதால்.

"வைக்கப் பொம்மைய வெச்சி வண்டிய நிறுத்தறீங்களா? மூணு நாளா ஒரு வெறும் சட்டைக்கு பிரேக் போட்டுங்கீறனா நானு?"

"எங்களுக்குப் போட்டிருந்தா சட்டைக்கு போட்டுருக்க வேணாம்" என்றாள் மேரி.

"எனக்கு மட்டும் ஆசையா? டிப்போவுல கலெக்‌ஷன் எங்கன்னு கேக்கறது எங்களத்தான். இருக்கிறதே ஒரு வண்டி. இங்கியே ரொப்பிக்கினா அடுத்த ஸ்டாப்புல டிக்கெட் வாங்கறவன் எங்க ஏறுவான்? படியில தொங்கி எவனாச்சும் வுழுந்தா ஜெயிலுக்கு நீ வரியா? ஓசியில போறவங்களுக்கு பேச்சப் பாரு."

"ஓசியா? நாங்க கூட்ற ரோட்டுலதான் உன் வண்டி ஓடுது" என்றாள் பொற்கிளி. நான் அவள் குரலை உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சண்டை நடந்த நேரத்தில் நிரோஷா சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். மற்றவர்களும் ஒவ்வொருவராக. அவனால் இறக்கிவிட முடியவில்லை. "நாளையிலேர்ந்து இந்த ஸ்டாப்பு இருக்கிறதே மறந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

சொன்னால் செய்கிறவன் குரல் எனக்குத் தெரியும். நாளை நிற்க மாட்டான்.

டிவிஎஸ் சாவியை எடுத்துத் துடைத்து வைத்தேன். துறவறத்திலிருந்து திரும்பிய மகான்கள் உண்டு.

நவம்பர் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடலே வேலை தேடி எங்கள் காலனிக்கு வந்துவிட்டதுபோல மழை. ஸ்டாப்புக்குக் கூரை கிடையாது. பெண்கள் ஒரு தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்தபடி நின்றார்கள். நான் டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். "அவன் நிக்கலேன்னா ஏறி உட்காரு, நான் கொண்டுபோய் விடறேன்" என்று நிரோஷாவிடம் சொன்னேன்.

"இந்த மழையிலயா மாமா?"

"மழை என்னைப் பார்த்து ஒதுங்கும்."

மேரி என் காதருகே, "அத்த ஏத்திக்கினு போன, நானே சாவியப் புடுங்கி கொளத்துல போட்டுருவேன்" என்றாள். நான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன். சாவி பையிலேயே இருந்தது.

அப்புறம் அந்த உறுமல். சிங்கம்போல நடுரோட்டில் இறங்கினேன். கால்களை அகட்டினேன். கையை நீட்டினேன். நாற்பது யானை கனமுள்ள அந்த இரும்புப் பூதம் என் உள்ளங்கைக்கு ஒரு சாண் முன்னால், அலறிக்கொண்டு, பயந்து, வெலவெலத்து நின்றது.

சுற்றி நின்றவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். பஸ் திருப்பத்தில் வந்த சத்தம் கேட்டு நான் முன்னே போனேனாம், ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று காலால் துழாவியபடி. "மாமா, மாமா" என்று நிரோஷா கத்தினாளாம். நான் கை காட்டியதென்னவோ உண்மை, ஆனால் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் காட்டினேனாம். சாட்சிகள் எப்போதுமே இப்படித்தான்.

தணிகாசலம் குதித்து இறங்கினான். அவன் மூச்சு என் முகத்தில் பட்டது. "யோவ் பெருசு, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? எனக்குப் புள்ளகுட்டி இல்லியா? கண்ணு தெரியல உனக்கு?"

"தெரியலப்பா" என்றேன்.

என்ன நடிப்பு. இதற்கு முன் உலகம் பார்த்திராத நடிப்பு. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மழை அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

தணிகாசலம் என் மணிக்கட்டைப் பிடித்தான். "தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான பெரியவரே. வா. படி இருக்கு. ஒசரம். பாத்து." முன் சீட்டில் இருந்தவனை எழுப்பி என்னை உட்காரவைத்தான்.

மேரி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டாள். "கண்ணு தெரியாதவருக்கு நிப்பாட்டுன, சரி. நல்லா கண்ணு தெரிஞ்சிக்கினே தெனம் எங்கள வுட்டுட்டுப் போனியே, அதுக்கு இன்னா பேரு?"

வைப்பர் ரெண்டு தடவை ஓடியது.

"ஏறும்மா" என்றான்.

நிரோஷா என் பக்கத்தில் நின்றாள். அவள் கையிலிருந்து மருந்து வாசனை வரும், அதனால் தெரிந்தது. என் சட்டைப் பைக்குள் கைவிட்டு டிவிஎஸ் சாவியை எடுத்துக்கொண்டாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நவம்பர் 15, சனி

"எத்தனை நாளா மாமா?" என்று கேட்டாள். "நடிப்பு" என்றேன். "திங்கக்கெழம லீவு போட்டுக் கூட்டினு போறேன்" என்றாள். "லீவு போட்டால் அன்றைக்கே லாரி பிடித்து இமயமலைக்குப் போய்விடுவேன்" என்றேன்.

"எந்த லாரின்னு எப்பிடிப் பாப்ப?" என்றாள்.

சண்டை. அப்புறம் அழுகை, யார் என்று எழுதுவதாக இல்லை. அப்புறம் சமாதானம்: மாதம் முடிந்த மறுநாள். அதுவரை வண்டியைத் தொட மாட்டேன் என்று அவள் அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அக்காவை எதற்கு இதில் இழுக்கிறாள்.

நவம்பர் 19, புதன்

தினமும் நிற்கிறது. "பெரியவர ஏத்துங்க மொதல்ல" என்கிறான் தணிகாசலம். எனக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் ஏறுகிறார்கள். கிரீடம் இல்லாத குறைதான்.

ஆனால் ஒரு யோசனை முள்ளாக இருக்கிறது. அவன் நிற்பது எனக்காக. முன்னே டிக்கெட்டுக்காக ஓர் ஆண்பிள்ளை வேண்டியிருந்தது, இப்போது இரக்கத்துக்காக. நான் வராத அன்று?

மேரியிடம் கேட்டேன். "நீ வா. வந்துனே இரு" என்றாள். அவளுக்கும் தெரியவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஜுரம். என் உடம்பில் தோசை சுடலாம். நாளை நிரோஷாவுக்குப் பயிற்சியின் கடைசி நாள்.

நவம்பர் 29, சனி

எழுந்தேன். கால் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் போகல மாமா" என்றாள்.

"போகலேன்னா நான் இப்போ எழுந்து வந்து ரோட்டில் நிற்பேன். நிற்க முடியாது, படுப்பேன்."

மேரி படியேறி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பொற்கிளி எனக்குக் கஞ்சி வைத்துவிட்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

எங்கள் ஜன்னல் சாலையைப் பார்த்தது. அதன் வழியாக எனக்குத் தெரிவது ஒரு சாம்பல் போர்வை. கம்பியில் காதை வைத்துக்கொண்டேன். கீழே பெண்கள் பேசுவது கேட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில், எப்போதும்போல. அதில் மேரியின் சிரிப்பு, கொஞ்சம் அதிகமாக. பயந்தால் அப்படித்தான் சிரிப்பாள்.

திருப்பத்தில் பஸ் வந்தது. கியர் மாற்றும் சத்தம் எனக்குத் தெரியும். நிற்பதற்கு மாற்றுகிறவன் கீழே இறக்குவான். இவன் இறக்கவில்லை. சத்தம் ஏறியது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் உலகம் அச்சிலிருந்து கழன்று நின்றது என்றெல்லாம் எழுதலாம். எழுதவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பிரேக். நீளமாக, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, ஸ்டாப்பைத் தாண்டிப் போய். ஓடும் செருப்புகள். கதவு. ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது, மேரி ஏதோ சொன்னாள். அப்புறம் பஸ் கிளம்பியது. அதற்கப்புறம் ஸ்டாப்பில் பேச்சுச் சத்தம் எதுவும் இல்லை. ஏறிவிட்டார்களா, அல்லது அத்தனை பேரும் வாயடைத்து அங்கேயே நிற்கிறார்களா?

"நிரோஷா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். நாய் ஒன்று குரைத்தது. வேறு பதில் இல்லை. அங்கே நின்றிருந்தால் அவள் குரல் கொடுத்திருப்பாள். இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாய் குரைத்து நான் கேட்டதில்லை.

சாயந்திரம் வந்து சொன்னாள். கண்ணாடி வழியாக என்னைத் தேடியிருக்கிறான். காணவில்லை. தாண்டிப் போய்விட்டுத்தான் பிரேக் போட்டிருக்கிறான். "பெரியவர் எங்க?" என்று கேட்டானாம். "வரல, நாங்க மட்டுந்தான்" என்றாளாம் மேரி. தணிகாசலம் தலையைச் சொறிந்துகொண்டானாம்.

"அதான் நிறுத்திட்டனே, ஏறுங்க" என்றானாம்.

வேலை நிரந்தரம். எனக்கு லட்டு வாங்கி வந்தாள். பூசணிக்காய் அளவு லட்டு.

டிசம்பர் 1, திங்கள்

நிரந்தர ஊழியர் நிரோஷாவின் முதல் லீவு எனக்காகச் செலவாகிறது. பிங்க் பஸ்ஸில்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரையாம். "இத்தன நாள் எப்பிடி நடமாடினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "புகழால்" என்றேன். வலது கண்ணுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்.

ஆகவே, கட்டுப் போடுமுன் கணக்கை முடித்துவிடுகிறேன். நிலா என்றுமே வெட்கப்படவில்லை. ரேஷன் கடைச் சுவர் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. திமிங்கலம் வரவில்லை, மழையில் மாடிப்படிக்கு வந்தது மேல்மாடிப் பையன் ஸ்டாலினின் நாய். மேரிக்கு நான் உத்தரவிடவில்லை, கெஞ்சினேன். பஸ்ஸை என் உள்ளங்கை நிறுத்தவில்லை, தணிகாசலம் நிறுத்தினான். லட்டும் லட்டு அளவில்தான் இருந்தது.

எல்லாம் புளுகு. அன்று மழையில் அவன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் மட்டும், நடிப்பு என்று எழுதிவைத்தேனே அந்த ஒரு வார்த்தை, அது நிஜம்.